நைரா கொடுத்த பயணச்சீட்டு

கடந்த ஆண்டு எங்கள் நிறுவனத்தில் ஒரு வேலைக்கு ஆள் எடுத்தோம். வந்த விண்ணப்பங்களை முதலில் வாசித்துப் பிரிக்கும் பொறுப்பு எனக்கு. நாற்பதுக்கு மேல் இருந்தன. "கூப்பிடலாம்", "பார்க்கலாம்", "வேண்டாம்" என்று மூன்று பட்டியல் போட்டேன்.

அவற்றில் ஒன்று நைஜீரியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. மின்பொறியியலில் இளமாணிப் பட்டம், பிறகு நோர்வேயில் முதுமாணிப் பட்டம். பாடங்கள் பொருத்தமாக இருந்தன. ஆனால் ஐந்து ஆண்டுப் பொறியியல் படிப்பை 2015 இல் தொடங்கி 2021 இல்தான் முடித்திருந்தார். அதன்பிறகு ஒரு வருடம் "சேவை" என்று மட்டும் போட்டிருந்தது. சோதனையில் தவறியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு "வேண்டாம்" பட்டியலில் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹவுகன்ஸ்டுவாவில் அம்மா அப்பா வீட்டுக்குப் போனேன். கனடாவிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். புட்டும் மீன் குழம்பும். சாப்பிடும்போது வேலையைப் பற்றிக் கேட்டார்கள். விண்ணப்பங்களைப் பற்றிச் சொன்னேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. "நைஜீரியாவிலை இருந்தும் ஒண்டு வந்தது, அஞ்சு வருசப் படிப்பை ஆறு வருசத்துக்கு மேலை படிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "தம்பி, உன்ரை அப்பா நோர்வேக்கு வந்த காசு எங்கையிருந்து வந்தது எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் உங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கானோவில் ஒரு கணித வாத்தியார்

பெரியப்பா பேராதனையில் கணிதம் படித்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். 1978 இல் நைஜீரியாவின் வட பகுதியில் உள்ள கானோ நகருக்கு ஒப்பந்த ஆசிரியராகப் போனார்.

அவர் மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஏராளமான ஆசிரியர்கள் நைஜீரியாவுக்குப் போனார்கள். காரணம் எண்ணெய். 1970களில் எண்ணெய் விலை உயர்ந்ததால் நைஜீரிய அரசின் கையில் காசு இருந்தது. 1976 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்கள் பெருகின, படிப்பிக்க ஆட்கள் போதவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படிப்பிக்கக்கூடியவர்களை வெளிநாடுகளில் தேடினார்கள்.

இன்று நம்பக் கடினமாக இருக்கும் ஒரு செய்தி: 1980 இல் ஒரு நைரா ஒரு அமெரிக்க டொலரை விடப் பெறுமதியானது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் சம்பளத்தில் ஒரு குடும்பத்தைக் கொண்டு நடத்துவதே பாடு. கானோவில் அவர் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். அந்தக் காசில் ஒரு தங்கையின் கலியாணம் நடந்தது. கிணறு கட்டினார்கள். மிச்சம் வங்கியில் கிடந்தது.

பிள்ளைகள் அவரை "மாலம்" என்று கூப்பிட்டார்களாம். ஹவுசா மொழியில் ஆசிரியர் என்று பொருள். அவர்களுக்கு என்ன ஆசை இருந்தது என்று கேட்டேன். "என்ன ஆசை? பாஸ் பண்ணவேணும், ஒரு அரசாங்க வேலை, தாய்க்கு ஒரு தகரக் கூரை. எங்கடை பிள்ளையளின்ரை ஆசைதான்" என்றார்.

பிறகு எண்ணெய் விலை இறங்கியது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கட்டுப்பாடுகள் வந்தன. 1983 ஜனவரியில் நைஜீரிய அரசு, அனுமதியில்லாமல் இருந்த வெளிநாட்டவர்களைச் சில வாரங்களுக்குள் வெளியேறச் சொன்னது. போனவர்களில் பெரும்பாலானோர் கானா நாட்டவர்கள். கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பைகளில் பொருட்களை அடைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பைக்கு இன்றைக்கும் அங்கே "கானா மஸ்ட் கோ" என்றுதான் பெயர். நம் வீடுகளில் ஊருக்குப் போகும்போது பரணிலிருந்து இறக்குவார்களே, அதே பைதான்.

பெரியப்பாவின் ஒப்பந்தம் 1984 இல் முடிந்தது. அவர் திரும்பி வந்த ஊர், விட்டுப் போன ஊராக இல்லை. 1981 இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அப்பாவுக்கு அப்போது 21 வயது.

ஒரு இடத்துக்காக

அப்பா உயர்தரம் சித்தியடைந்தவர். ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை.

இதன் பின்னணியை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1971 இல் இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதியில் "தரப்படுத்தல்" முறையைக் கொண்டு வந்தது. அந்த ஆண்டு பொறியியலுக்குப் போக, சிங்கள மொழி மூலம் எழுதிய மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளிகள் தேவை. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் வன்னி, மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ் மாணவர்கள் சிலருக்குக் கதவு திறந்தது என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு அது இறுகியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்.

அவர்களில் பலர் இயக்கங்களுக்குப் போனார்கள். அந்த வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. போகாமல் வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. அப்பா அயலில் உள்ள பிள்ளைகளுக்கு விறாந்தையில் வைத்து ரியூசன் கொடுத்தார். சுற்றிவளைப்பு என்றால் பின்பக்க வேலியால் ஓடினார். மிதிவண்டியில் போய்த் தபால் வந்ததா என்று பார்த்தார். 1983 முதல் 1986 வரை அவருடைய வாழ்க்கை இதுதான்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த தபால் நோர்வேயிலிருந்து வரவேண்டியது.

திறந்திருந்த ஒரு சின்னக் கதவு

நோர்வே 1975 இல் குடியேற்றத்தை நிறுத்தியது. வேலை தேடி வருபவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. ஆனால் மாணவர்கள் வரலாம். இங்கே 1864 முதல் "ஃபொல்கெஹோய்ஸ்கூலெ" என்ற மக்கள் உயர்பள்ளிகள் இருக்கின்றன. சோதனை கிடையாது, பட்டமும் கிடையாது. இளைஞர்கள் ஒரு வருடம் தங்கி ஏதாவது கற்றுக்கொள்ளும் இடம். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் இந்தப் பள்ளிகளின் முகவரிகளைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினார்கள். முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு முகவரி அனுப்பினார். நோர்வேக்கும் எங்கள் கரைக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு இருந்தது. 1956 இல் இங்கே வந்த அன்ரனி இராஜேந்திரம் என்ற தமிழர், நோர்வேக்காரர்களின் உதவியுடன் பிறகு யாழ்ப்பாணத்தில் "சீ-நோர்" என்ற மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்.

மக்கள் உயர்பள்ளியில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு கட்டவேண்டும். விமானச் சீட்டு வேறு. அப்பாவுக்கு அந்தக் காசைக் கொடுத்தது பெரியப்பாவின் கானோ சேமிப்பு. 1986 இல் அப்பா வந்து இறங்கினார். கானோவில் ஹவுசாப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து உழைத்த காசுதான் என் அப்பாவை இங்கே கொண்டு வந்தது. முப்பது வயதுக்கு மேலாகி, அன்றைக்கு மேசையில்தான் இதை முதன்முதலாகக் கேட்டேன்.

உண்மையைச் சொல்வதானால், அப்பா இங்கே படிக்கவா வந்தார்? படிக்கவும்தான். ஆனால் உயிர் தப்பவும், உழைக்கவும், வீட்டுக்கு அனுப்பவும் வந்தார். விண்ணப்பத்தில் "படிப்பு" என்று மட்டும் எழுதினார். அதற்குத்தான் பெட்டி இருந்தது.

பள்ளி முடிய அவர் வடக்கே ஃபின்மார்க்குக்குப் போனார். அங்கே வாட்ஸோ, போட்ஸ்ஃபியூர், ஹம்மர்ஃபெஸ்ட் போன்ற ஊர்களின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். நோர்வே இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட இடத்தில் தமிழ் இளைஞர்கள் நின்று கொட் மீனை வெட்டினார்கள். நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. ஒரு வீட்டில் ஆறு பேர். அரிசி ஒஸ்லோவிலிருந்து மூட்டையாக வரும்.

அப்போது என்ன ஆசை இருந்தது என்று அப்பாவிடமும் கேட்டேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நனையாத ஒரு சோடி சப்பாத்து. வாகன அனுமதிப் பத்திரம். மாதத்தில் ஒரு தரம் அம்மம்மாவின் கையெழுத்தில் ஒரு நீலக் கடிதம். அவ்வளவுதான்.

1990 இல் கொட் மீன் பிடிக்கும் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலைகளில் வேலை குறைந்தது. பிள்ளைகளின் படிப்பு, கோயில், தமிழ்ப் பள்ளி என்ற காரணங்களும் சேர்ந்தன. 1990களில் பல குடும்பங்கள் ஒஸ்லோவுக்கு வந்தன. குறூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகள் வாங்கக்கூடிய விலையில் இருந்தன, ரயிலும் இருந்தது. அப்படித்தான் ஹவுகன்ஸ்டுவாவின் படிக்கட்டுகளில் கறித்தூள் வாசம் வந்தது.

"இங்கென்திங்"

ஒஸ்லோ வந்த புதிதில் அப்பா ஒரு தொழில்நுட்ப வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். எதிரில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "1983 இலிருந்து 1986 வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாராம். அப்பாவிடம் அதற்குத் தேவையான நோர்வே மொழி இருக்கவில்லை. விறாந்தை, வேலி, தபால் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது? "இங்கென்திங்" என்றாராம். ஒன்றும் செய்யவில்லை.

வேலை கிடைக்கவில்லை. பிறகு அப்பா தபால் பிரிக்கும் வேலைக்குப் போனார், அதிலேயே இருந்தார். இந்தக் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளையிட்டை நீ கேட்டனியோ?" என்றார்.

நான் கேட்கவேயில்லை. அப்பாவின் எதிரில் இருந்தவராவது கேட்டார்.

அந்த ஒன்றரை வருடம்

திங்கட்கிழமை அந்த விண்ணப்பத்தை "கூப்பிடலாம்" பட்டியலுக்கு மாற்றினேன். ஏன் மாற்றுகிறேன் என்று என்னோடு வேலை செய்பவரிடமும் சொன்னேன். நேர்முகத்தில் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டோம். அவர் சொன்னதை, அவரிடம் அனுமதி கேட்டு, பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

நைஜீரியாவின் அரச பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களின் சங்கம் சம்பளத்துக்காகவும் பல்கலைக்கழகங்களுக்கான நிதிக்காகவும் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்கிறது. 2018 நவம்பரில் தொடங்கிய ஒன்று மூன்று மாதம். 2020 மார்ச்சில் தொடங்கியது டிசம்பர் வரை ஒன்பது மாதம், கொரோனாவும் சேர்ந்து. வகுப்பு இல்லை, சோதனை இல்லை. அவர் ஒரு பாடத்திலும் தவறவில்லை. பல்கலைக்கழகம்தான் மூடியிருந்தது.

"சேவை" என்று இருந்தது தேசிய இளைஞர் சேவை. பயாஃப்ரா போர் 1967 முதல் 1970 வரை நடந்து, பெருந்தொகையானோர் பட்டினியால் இறந்த நாடு அது. போர் முடிந்தபின் பிரிந்த நாட்டை ஒட்டவைக்க 1973 இல் இந்தச் சேவையைத் தொடங்கினார்கள். முப்பது வயதுக்குள் பட்டம் பெறுபவர்கள் பெரும்பாலும் வேறு மாநிலம் ஒன்றில் ஒரு வருடம் வேலை செய்யவேண்டும். அவர் தெற்கே ஒரு கிராமத்தில் பௌதிகம் படிப்பித்தார்.

மூடியிருந்த மாதங்களில் தொலைபேசியிலேயே நிரல் எழுதப் பழகியிருக்கிறார். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. அயலில் ஒரு சின்ன மின்பிறப்பாக்கி இருந்தது. அந்த வகைக்கு அங்கே மக்கள் வைத்த பெயர் "அயலவனை விட நான் மேல்". கொஞ்சக் காசு கொடுத்து அதில் மடிக்கணினிக்கு மின் ஏற்றினாராம். இதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் கதை ஞாபகம் வந்தது. 1990களின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. போத்தல் விளக்கில் படித்தார்கள். ஒருவர் மிதிவண்டியை மிதிக்க, அதன் டைனமோவில் வானொலி பாட, சுற்றி இருந்து செய்தி கேட்டார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவருடைய வீட்டுக்கு மேல் விழவில்லை. ஆனால் வெளிச்சம் இல்லாத வீட்டில் பாடத்தை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை நினைப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அவர் 2022 இல் நோர்வே வந்தார். அவருடைய தம்பி நாட்டில் இருக்கிறான். பல்கலைக்கழக நுழைவுச் சோதனை எழுதும் பிள்ளைகள் அங்கே ஆண்டுக்குப் பதினைந்து இலட்சத்துக்கும் மேல். தம்பி அதில் தேறி உள்ளே போன கொஞ்ச நாளில், 2022 பெப்ரவரி 14 அன்று அடுத்த வேலைநிறுத்தம் தொடங்கி எட்டு மாதம் நீடித்தது. அவனும் அக்காவைப் போல நோர்வேக்கு வர நினைத்தான். 2023 இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு நோர்வே கல்விக் கட்டணம் கொண்டு வந்தது. பல படிப்புகளுக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் குரோனருக்கும் மேல். வாழ்க்கைச் செலவுக்காகக் காட்டவேண்டிய காசு வேறு.

அதே 2023 மே மாதம் நைஜீரியா எரிபொருள் மானியத்தை நிறுத்தியது. ஜூனில் நைராவைச் சந்தை விலைக்கு விட்டது. ஒரு டொலருக்கு 500 நைராவுக்கும் கீழே இருந்தது, 2024 தொடக்கத்தில் 1,500 அளவுக்குப் போனது. ஒரு குடும்பம் பத்து வருடம் சேமித்த காசு, ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒன்றாகிவிட்டது. பெரியப்பாவை உயர்த்திய அதே நைரா.

அங்கே இளைஞர்கள் நாட்டை விட்டுப் போவதை "ஜாபா" என்கிறார்கள். யொரூபா மொழியில் தப்பி ஓடுவது என்று பொருள். நம் ஆட்கள் "வெளியிலை போறது" என்று சொல்வார்களே, அதுதான்.

உங்களுக்கு ஏன் சொல்கிறேன்

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அனுபவம் கூடிய இன்னொருவர் இருந்தார். சில மாதங்களில் வேறு இடத்தில் வேலை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். தம்பி இன்னும் அங்கேதான். இந்த முறை வேலைநிறுத்தம் வராமல் படிப்பு முடிந்தால் போதும் என்கிறானாம்.

நம் சமூகத்தின் கொண்டாட்டங்களில் சில பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். "நாங்கள் கஷ்டப்பட்டு வந்தனாங்கள், இப்ப வாறவங்கள் சும்மா வாறாங்கள்." "படிக்க எண்டு சொல்லி வந்து வேலை செய்யினம்." இதை நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அப்பாவின் விண்ணப்பத்திலும் படிப்பு என்றுதான் எழுதியிருந்தது. 1986 இல் யாரோ ஒரு நோர்வே அதிகாரி அவருடைய இடைவெளி ஆண்டுகளைப் பார்த்தும் முத்திரை குத்தியிருக்கிறார். அவர் என்னைப் போல அரை நிமிடத்தில் பக்கத்தைத் திருப்பியிருந்தால், இதை எழுத நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

நம்மவர்கள் பெரிய இடங்களுக்குப் போயிருக்கிறார்கள். 1988 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021 இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் சப்பாத்து, நீலக் கடிதம், கானோவின் சம்பளம் இல்லாமல் என் வீட்டுக் கதையைச் சொல்ல முடியாது.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். இந்த வாரம் வீட்டில் அப்பாவிடமோ அம்மாவிடமோ போய், ஒரு தாளிலும் எழுதாத அவர்களுடைய இரண்டு மூன்று வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். "ஒண்டும் செய்யேல்லை" என்று சொன்னால் விடாதீர்கள், இன்னொரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள். மற்றது, உங்களில் பலர் இன்னும் சில வருடங்களில் மேசையின் அந்தப் பக்கம் இருப்பீர்கள். உங்கள் முன்னால் ஒரு தாள் வரும், நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். தாளைப் புரட்டமுதல் கேளுங்கள்.

பெரியப்பா போகும்போது, அந்தப் பிள்ளையை எங்காவது கண்டால் தன் சார்பில் "சன்னு" சொல்லச் சொன்னார். ஹவுசாவில் வணக்கம். மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். எழுத்துப் பிழையைத் திருத்தி, "உங்கள் பெரியப்பாவுக்கும் சன்னு, மாலம்" என்று பதில் போட்டிருந்தார்.